அடுத்த டெஸ்டை யார் முடிவு செய்கிறார்?

சென்னையின் ஓஎம்ஆரில் டைடல் பார்க் தொடங்கி சிறுசேரி வரை உள்ள மென்பொருள் அலுவலகங்களில் எழுதப்படும் டெஸ்ட் பிளான்களின் கடைசிப் பக்கத்தை ஒட்டி ஒரு வரி அடிக்கடி தென்படும்: “எக்ஸ்ப்ளோரட்டரி டெஸ்டிங் – நேரம் இருந்தால்.” இந்த வரியை நான்கு பேர் நான்கு விதமாகப் படிக்கிறார்கள். டெஸ்ட் கேஸ் (முன்கூட்டி எழுதிவைத்த சோதனைப் படிகள்) எல்லாம் ஓட்டி முடித்தபின் சும்மா அங்கங்கே தட்டிப் பார்ப்பது என்று ஒரு லீட் நினைக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் அப்ளிகேஷனைப் பழகிக்கொள்ள ஒதுக்கும் முதல் வாரம் என்கிறார் இன்னொருவர். ரிலீஸுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து பக் (மென்பொருள் குறை) பிடிக்கச் சொல்வதுதான் அது என்பவரும் உண்டு. நான்காமவர், டெஸ்டிங் என்றாலே அதுதான், மற்றதெல்லாம் சரிபார்ப்பு மட்டுமே என்கிறார்.

இந்த நான்காவது ஆளோடுதான் சண்டை வரும். அந்தச் சண்டைக்கு நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் மீட்டிங்கில் வாதிடும்போது, ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்துபோகிறோம்.

முதலில் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆவணம் எழுதுவதா வேண்டாமா என்பதில் இல்லை. கையால் செய்வதா ஆட்டோமேஷனா என்பதிலும் இல்லை. அடுத்த டெஸ்ட் எது என்பதை யார், எப்போது முடிவு செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. டெஸ்ட் கேஸ் முறையில், இன்று மாலை 4 மணிக்கு டெஸ்டர் எந்தப் பட்டனை அழுத்துவார் என்பது மூன்று வாரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் அன்று மென்பொருளைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ரெக்வயர்மென்ட் ஆவணத்தை மட்டும் பார்த்திருப்பார். எக்ஸ்ப்ளோரட்டரியில், அதாவது தேடிக்கொண்டே சோதிப்பதில், 3:59-க்குத் திரையில் கண்டதை வைத்து 4 மணிக்கான டெஸ்ட் பிறக்கிறது. கற்பது, டெஸ்டை வடிவமைப்பது, ஓட்டுவது, முடிவைப் படிப்பது எல்லாம் ஒரே கையில், ஒரே நேரத்தில் நடக்கின்றன.

எக்ஸ்ப்ளோரட்டரி என்ற பெயரை வைத்தவர் டெஸ்டிங் பற்றி எழுதிய கெம் கேனர். 1980-களின் முற்பகுதியில் அவர் பயன்படுத்தத் தொடங்கிய சொல், 1988-ல் வந்த அவருடைய நூல் வழியே அச்சேறியது. அதுவரை அதற்குப் பெயர் ‘அட் ஹாக்’. பெயர் மாறியதற்குக் காரணம் உண்டு. அட் ஹாக் என்றால் தயாரிப்பு இல்லாமல், பொறுப்பு இல்லாமல் செய்வது என்ற வாடை அடித்தது. கேனர் டெஸ்டரின் சுதந்திரத்தோடு பொறுப்பையும் சேர்த்தே சொன்னார்: தன் நேரத்துக்கு அதிகபட்சப் பயன் வருமாறு வேலையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியவர் டெஸ்டர்தான். சுதந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிட்ட டீம்களில்தான் எக்ஸ்ப்ளோரட்டரிக்குக் கெட்ட பெயர் வந்தது.

2003-ல் டெஸ்டிங் ஆலோசகர் பிரெட் பெட்டிகார்ட் டெஸ்டிங் உலகில் நான்கு சிந்தனைப் பள்ளிகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார். டெஸ்டிங்கைக் கணித, தர்க்க ஒழுக்கமாகப் பார்ப்பது ஒன்று. அளந்து, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய, செலவு கட்டுப்பட்ட தொழிற்சாலை வேலையாகப் பார்ப்பது இரண்டாவது. செயல்முறைகளைக் காவல் காப்பது மூன்றாவது. மனிதர்களும் சூழலும்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன என்பது நான்காவது. ஆங்கிலத்தில் ‘கான்டெக்ஸ்ட்-டிரிவன்’ என்று பெயர். பிறகு, மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக உருவாக்கும் அஜைல் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

சென்னையில் இரண்டாவது பள்ளி ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். வேலை கடல் தாண்டி வருகிறது. கிளையன்ட் எதிரில் இல்லை. பணம் கொடுப்பவருக்கு எதையாவது எண்ணிக் காட்டியாக வேண்டும். டெஸ்ட் கேஸை எண்ணலாம்: எழுதியவை இத்தனை, ஓட்டியவை இத்தனை, தேறியவை இத்தனை. டீமில் பாதிப் பேர் ஆறு மாதத்தில் வேறு பிராஜெக்டுக்குப் போனாலும், படிப்படியாக எழுதிவைத்த டெஸ்ட் கேஸை அடுத்தவர் எடுத்து ஓட்டிவிடலாம் என்ற நம்பிக்கையும் இருந்தது. இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. பழைய டெஸ்ட் கேஸின் படிகள் திரையோடு ஒத்துப்போவதில்லை. ஓட்டுபவர் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு ‘பாஸ்’ போடுகிறார். அந்தத் திருத்தம் எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை.

டெஸ்டர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தரும், 2002-ல் உருவான ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் பாடத்திட்டம் எக்ஸ்ப்ளோரட்டரியை ஒதுக்கவில்லை. அனுபவம் சார்ந்த உத்திகள் என்ற தலைப்பில், பிழை ஊகித்தல், சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவற்றின் பக்கத்தில் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆவணம் குறைவாகவோ நேரம் நெருக்கடியாகவோ இருக்கும்போது உதவும், மற்ற உத்திகளுக்குத் துணையாகும் என்பது அதன் நிலை. கான்டெக்ஸ்ட்-டிரிவன் பக்கத்தார் இதை ஏற்கவில்லை. எக்ஸ்ப்ளோரட்டரி ஓர் உத்தியே அல்ல, எந்த உத்தியையும் கையாளும் முறை என்கிறார்கள். எல்லை மதிப்புச் சோதனையை முன்கூட்டி எழுதியும் செய்யலாம், தேடிக்கொண்டே போயும் செய்யலாம். ஆவணம் 50 எழுத்து என்று சொன்னால் 49, 50, 51 என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். உண்மையான எல்லை 50-ல்தான் இருக்கிறதா, அது எழுத்தா பைட்டா, திரையில் ஒன்றும் டேட்டாபேஸில் வேறொன்றுமா என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உத்தி ஒன்றே. இந்த ஒரு விஷயத்தில் கான்டெக்ஸ்ட்-டிரிவன் பக்கம்தான் சரி என்பது என் உறுதியான கருத்து. பரீட்சைக்குப் படிப்பவர்கள் அதைப் பட்டியலில் ஒரு வரியாக மனப்பாடம் செய்வதால்தான், டெஸ்ட் பிளானிலும் அது ஒரு வரியாக நின்றுவிடுகிறது.

பின்னர் சண்டை முற்றியது. 2009-ல் டெஸ்டிங் பயிற்சியாளர் மைக்கேல் போல்டன், டெஸ்டிங் வேறு, செக்கிங் வேறு என்றார். விடை முன்பே தெரிந்த ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது செக்கிங், இயந்திரம் செய்துவிடும். தெரியாததைத் தேடிக் கற்பது டெஸ்டிங். மென்பொருள் டெஸ்டிங்குக்கான ஐஎஸ்ஓ 29119 தரநிலையின் முதல் பகுதிகள் 2013-ல் வெளியாயின. ஆவணச் சுமையை டெஸ்டர்கள் தலையில் கட்டும் முயற்சி என்று அதை எதிர்த்து 2014-ல் கையெழுத்து இயக்கம் நடந்தது. 2015-ல் ஜேம்ஸ் பாக்கும் போல்டனும் இன்னொரு படி போனார்கள்: எல்லா டெஸ்டிங்கும் தேடல்தான், ஆகவே ‘எக்ஸ்ப்ளோரட்டரி’ என்ற அடைமொழியே தேவையில்லை. அதற்கு முன்பே, 2012-ல், கேனர் ‘பள்ளி’ என்ற அடையாளத்திலிருந்து விலகியிருந்தார்.

அடைமொழி வேண்டாம் என்ற வாதம் தத்துவமாகச் சரி. ஆனால் நம் ஊர் அலுவலகங்களுக்கு அது இன்னும் ஒத்துவராது. பிளானில் பெயர் இல்லாத வேலைக்கு மணிநேரம் ஒதுக்கமாட்டார்கள். “எல்லாமே தேடல்தான்” என்று சொல்லி அந்த வரியை எடுத்துவிட்டால், மிஞ்சுவது டெஸ்ட் கேஸ் எண்ணிக்கை மட்டும்தான்.

எந்த முறையில் பக் அதிகம் கிடைக்கிறது என்ற கேள்விக்கு ஆய்வு ஒன்றும் இருக்கிறது. பின்லாந்தில் யூஹா இட்கோனனும் அவருடைய சகாக்களும் 2007-ல் வெளியிட்டது. 79 மாணவர்கள், ஜேஎடிட் என்ற டெக்ஸ்ட் எடிட்டர், ஒரு முறைக்கு 90 நிமிடம். பிடிபட்ட குறைகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டெஸ்ட் கேஸ் முறையில் தவறான பக் ரிப்போர்ட்டுகள் கூடுதலாக வந்தன. டெஸ்ட் கேஸ் தயாரிக்கப் பல மணி நேரம் தனியாகச் செலவானது. எக்ஸ்ப்ளோரட்டரிக்கு அந்தத் தயாரிப்பு இல்லை. இதை வைத்து யாரும் வெற்றி விழா கொண்டாட முடியாது. சோதித்தவர்கள் மாணவர்கள், மென்பொருளோ எல்லாருக்கும் பழக்கமான வகை. ஆனால் “முன்பே எழுதிவைத்தால்தான் பிடிபடும்” என்ற நம்பிக்கைக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இனி ஒரு கட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு பதிவுப் படிவம்; அதில் பெயர் எழுதும் கட்டம். தமிழிலும் பெயர் எழுதலாம் என்கிறது ரெக்வயர்மென்ட். அதற்கு எழுதப்படும் டெஸ்ட் கேஸ்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: காலியாக விட்டால் பிழைச் செய்தி வர வேண்டும், எண் எழுதினால் மறுக்க வேண்டும், சிறப்புக்குறி கூடாது, 30 எழுத்துக்கு மேல் கூடாது, தமிழ்ப் பெயர் ஏற்க வேண்டும். ஐந்து டெஸ்ட் கேஸ்; தமிழ்ப் பெயருக்கு ‘கமல’ என்று தட்டிப் பார்த்ததால் ஐந்தும் பாஸ். அந்த ‘தமிழ்ப் பெயர்’ என்ற ஒற்றை வரிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதை எழுதியவர் அன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை.

தேடலில் முதல் உள்ளீடு ‘கமல’. ஏற்கிறது. அடுத்து ‘கமலா’. மறுக்கிறது: “சிறப்புக்குறி கூடாது.” ஏன்? கணினியில் எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் தரநிலையான யூனிகோடில் க, ம, ல ஆகியவை ‘எழுத்து’ வகை. கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் ‘குறி’ வகை. டெவலப்பர் எழுத்து வகையை மட்டும் அனுமதித்திருக்கிறார். ஆங்கிலப் பெயர்களுக்கு அது போதும். தமிழில் துணைக்குறியோ புள்ளியோ இல்லாத பெயர் அரிதிலும் அரிது. சரவணன் என்று எழுதினால்கூடக் கடைசிப் புள்ளியில் தடுக்கும். இது தெரிந்தவுடன் அடுத்த கேள்வி தானாக எழுகிறது: இதே சரிபார்ப்பு வேறு எங்கெல்லாம் ஓடுகிறது? முகவரி, தந்தை பெயர், நாமினி பெயர்.

திருத்திய பில்டில் (மென்பொருளின் புதிய பதிப்பில்) ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று எழுதிப் பார்க்க வேண்டும். நம் கண்ணுக்கு அது எட்டெழுத்து: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. யூனிகோடில் 15 குறியீடு. அதைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆக 45 பைட். இப்போது ‘30’ என்ற எல்லை யாருடைய 30? டேட்டாபேஸில் 30 பைட் என்றால் பத்தாவது குறியீட்டோடு நின்றுவிடும். அப்போது சேமிக்கப்படும் பெயர் ‘கிருஷ்ணமூர’. சில அமைப்புகளில் பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர் மட்டும் முடமாகும். எல்லை 3-ஆல் வகுபடாத எண்ணாக இருந்து பைட் கணக்கில் வெட்டினால், கடைசிக் குறியீடு பாதியில் அறுந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். ஆங்கில எழுத்துகளால் 29, 30, 31 என்று சோதித்த டெஸ்ட் கேஸ் இதில் எதையும் காட்டியிருக்காது.

சேமித்தாயிற்று. தேடினால் கிடைக்கிறதா? இங்கேதான் தமிழ் டேட்டாவின் பெரிய புதைகுழி. ‘கோமதி’ என்பதில் உள்ள ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியீடாக இருப்பது ஒன்று. ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு வேறு. யூனிகோட் இவற்றைச் சமம் என்று வரையறுத்திருப்பதால், சேமிக்குமுன் இயல்பாக்கம் செய்தால், அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றினால், சரியாகிவிடும். இது கிடைத்ததும் டெஸ்டர் நின்றுவிடக் கூடாது. இயல்பாக்கமும் காப்பாற்றாத ஜோடிகள் உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு. ‘கௌரி’ என்பதும் ‘கெளரி’ என்பதும் அப்படித்தான். முதலாவதில் ஔகாரக் குறி இருக்கிறது. இரண்டாவதில் எகரக் கொம்பும் ‘ள’ என்ற தனி எழுத்தும் இருக்கின்றன. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. விசைப்பலகையில் ஔகாரக் குறி எங்கே என்று தெரியாமல் ள போட்டுத் தட்டிய பெயர்கள் நம் டேட்டாபேஸ்களில் ஏராளம். யூனிகோட் பார்வையில் இவை இரண்டு தனிச் சொற்கள். ‘ஔவை’, ‘ஒளவை’ கதையும் இதுவே. ‘ஸ்ரீதர்’ இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் ஸ வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். ஒரு கீபோர்டு ஒன்றைத் தரும், மற்றது மற்றொன்றைத் தரும். வாடிக்கையாளர் போனில் பதிந்த பெயரைக் கிளையில் இருப்பவர் கணினியில் தேடினால் “பதிவு இல்லை” என்று வரும். புதிதாக ஒரு பதிவு உருவாகும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு.

அடுத்து அகர வரிசை. யூனிகோட் அட்டவணையில் ந-வை அடுத்து ன வருகிறது. ற, ர-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ழ, ள-வுக்குப் பின்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் கடைசி மூன்று ள, ற, ன. குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்திய பட்டியலில் பெயரின் நடுவில் ன வரும் இடமெல்லாம் பிசகும். பெயர்கள் ன-வில் தொடங்குவதில்லை என்பதால், முதல் எழுத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். அச்சிடும் பிடிஎஃபைத் திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நின்று, புள்ளி வட்டத்தோடு இளிக்கும். பிடிஎஃப் உருவாக்கும் நூலகம் எழுத்துகளைக் கோர்ப்பதில்லை என்று பொருள். வரவேற்பு எஸ்எம்எஸ் தமிழில் போகிறதென்றால் ஒரு செய்திக்கு 160 அல்ல, 70 குறியீடுதான். நீண்டால் ஒரு துண்டுக்கு 67. கிருஷ்ணமூர்த்தி என்ற பெயர் வந்தால் மட்டும் ஒரு செய்தி இரண்டாகி, செலவும் இரட்டிக்கும்.

பிறகு முதலெழுத்து. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம் என்பது வேறு ஊர் வழக்கம். இங்கே கடைசிப் பெயரில் ‘கி.’ என்று எழுதுவார்கள். ‘குறைந்தது 2 எழுத்து’ என்ற விதிக்கு இது தேறுமா? குறியீட்டுக் கணக்கில் ‘கி’ இரண்டு, ஆகவே தேறும். ‘ம.’ என்றால்? புள்ளியைக் கணக்கில் எடுத்தால் தேறும், ஒதுக்கினால் தேறாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் பதிவாகி இன்னொருவர் பதிவாகாத நிலை.

இத்தனையும் ஒரே கட்டம். இதில் எந்த டெஸ்டும் முதல் நாள் யாருடைய பட்டியலிலும் இல்லை. கமலாவை மறுத்ததால் குறி என்ற வகை தெரிந்தது. குறி தெரிந்ததால் நீளம் சந்தேகமானது. நீளத்தைத் தோண்டும்போது குறியீடுகளை எண்ணினோம். எண்ணியதால் ஒரே எழுத்துக்கு இரண்டு சேமிப்பு வடிவம் உண்டு என்பது கண்ணில் பட்டது. ஒவ்வொரு டெஸ்டும் முந்தையதன் வயிற்றில் பிறந்தது. டெஸ்ட் கேஸ் முறை இங்கே தோற்பது எழுதியவரின் சோம்பலால் அல்ல. எழுத வேண்டிய நேரத்தில் இந்த அறிவு அவர் கையில் இல்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மாறிய வீட்டு மின்கட்டண அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய கணக்குப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101–200-க்கு 2.25 ரூபாய், 201–400-க்கு 4.50, 401–500-க்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 2.25 என்ற படியே இல்லை. 101-லிருந்து 400 வரை 4.50, அடுத்த நூறுக்கு 6 ரூபாய், 501–600-க்கு 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501-க்கு 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் ஏற்றம். இதைத் தேடிக் கண்டுபிடிக்க உட்காருவது வீண் வேலை. விதி எழுதப்பட்டிருக்கிறது, அட்டவணை போட்டு 100, 101, 200, 201, 400, 401, 500, 501 முதலிய எல்லா எல்லைகளையும் ஆட்டோமேஷனில் ஏற்றி, ஒவ்வொரு பில்டிலும் ஓட வைப்பதுதான் சரி. எக்ஸ்ப்ளோரட்டரி ஆர்வலர்கள் இதையும் கையால் செய்யப் போனால் மூன்றாவது ரிலீஸில் களைத்துப்போய் 501-ஐ விட்டுவிடுவார்கள். அதே பில்லிங்கில் தேட வேண்டியவை வேறு: கணக்கீட்டுக் காலத்தின் நடுவில் மீட்டர் மாற்றினால் என்ன? வீடு பூட்டிக் கிடந்து ரீடிங் எடுக்க முடியாமல் போனபின், அடுத்த முறை நான்கு மாத ரீடிங் ஒன்றாக வந்தால் இலவச 100 எத்தனை முறை கழிகிறது? அட்டவணை இவற்றைப் பற்றி மௌனம் சாதிக்கும்.

சரி, இந்தத் தேடலை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது? ஜோனதன் பாக், ஜேம்ஸ் பாக் சகோதரர்கள் 2000-ல் அறிமுகப்படுத்திய செஷன் முறைதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது. குறுக்கீடு இல்லாத ஒரு காலத்துண்டு. ஏறத்தாழ 45 நிமிடம் குறுகியது, 90 சாதாரணம், 120 நீண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சார்ட்டர் (எதைத் தேடுவது என்ற குறிப்பு), ஒரு தாள், முடிந்ததும் லீடோடு ஒரு பேச்சு.

சார்ட்டர் எழுதுவதில்தான் பெரும்பாலோர் முதலில் சறுக்குகிறார்கள். “பேமென்ட் மாட்யூலைச் சோதிக்கவும்” என்பது சார்ட்டர் அல்ல. அதற்குப் பத்து செஷன்கூடப் போதாது, எப்போது முடிந்தது என்றும் தெரியாது. “1 ரூபாய் அனுப்பி வெற்றிச் செய்தி பார்க்கவும்” என்பதும் சார்ட்டர் அல்ல; அது டெஸ்ட் கேஸ். எலிசபெத் ஹெண்ட்ரிக்சன் தந்த மூன்று பகுதி வடிவம் எளிது: எதை, எதைக்கொண்டு, எதைக் கண்டறிய. நம் உதாரணத்துக்கு: “பதிவுப் படிவத்தின் பெயர்க் கட்டங்களை, மூன்று வெவ்வேறு தமிழ்க் கீபோர்டுகளையும் பழைய டேட்டாபேஸிலிருந்து எடுத்த பெயர்களையும் கொண்டு ஆராய்ந்து, சேமிப்பு, தேடல், அச்சு மூன்றிலும் பெயர் சிதையாமல் நிற்கிறதா என்று கண்டறிக.” 90 நிமிடத்துக்கு இது அளவான வேலை. கடைசிப் பகுதியை எழுத முடியவில்லை என்றால் எந்த ஆபத்தைப் பற்றிப் பயப்படுகிறோம் என்பது இன்னும் தெளிவாகவில்லை. டெவலப்பரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து எழுதலாம்.

தாளில் நேரத்தை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும்: டெஸ்ட் வடிவமைத்து ஓட்டியது, பக்கை ஆராய்ந்து ரிப்போர்ட் போட்டது, அமைப்பு வேலை (டெஸ்டுக்கான ஏற்பாடுகள்). நிமிடக் கணக்கு வேண்டாம். 5, 10 சதவீதத் துல்லியம் போதும். இந்த மூன்று எண்ணும் ஒரு லீடுக்குச் சொல்லும் சேதி மிகப் பெரியது. அமைப்பு வேலை 50 சதவீதத்தைத் தொட்டால் டெஸ்டரைக் குறை சொல்வதில் பயனில்லை. விபிஎன் விழுகிறது, டெஸ்ட் என்விரான்மென்ட்டில் ஓடிபி வரவில்லை, டேட்டா கேட்டு ஆன்சைட் (கிளையன்ட் இடத்தில் உள்ள டீம்) பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்று பொருள். பக் வேலை 60 சதவீதம் என்றால் பில்டே இன்னும் சோதனைக்குத் தயாராகவில்லை, திருப்பி அனுப்பலாம். சார்ட்டரை விட்டு விலகி வேறொன்றைத் துரத்திய நேரத்தையும் தனியே எழுத வேண்டும். விலகுவது தப்பில்லை, தேடலின் இயல்பே அது. ஆனால் முக்கால் நேரம் விலகலில் போனால் அந்தச் சார்ட்டர் இன்னும் முடியவில்லை. அதை மீண்டும் பட்டியலில் வைக்க வேண்டும்.

குறிப்பெடுப்பதில் ஒரு விஷயம். தமிழ் உள்ளீட்டில் ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது. கௌரியும் கெளரியும் படத்தில் ஒன்றுபோல்தான் இருக்கும். டெவலப்பர் தன் கீபோர்டில் தட்டிப் பார்ப்பார், தேடல் வேலை செய்யும், “என்னிடம் வரவில்லை” என்று பக்கை மூடிவிடுவார். உள்ளிட்ட சொல்லை அப்படியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி இணைத்து, அதன் குறியீட்டு வரிசையையும் எந்தக் கீபோர்டு என்பதையும் எழுதினால்தான் அந்த பக் உயிரோடு இருக்கும். டெஸ்ட் கேஸில் ‘எதிர்பார்க்கும் விளைவு’ என்ற பத்தி இருக்கும். தேடலில் அது இல்லாததால் எதை வைத்துக் குறை என்கிறோம் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும். இதே மென்பொருளின் இன்னொரு திரை வேறு மாதிரி நடக்கிறது, பழைய வெர்ஷனில் இப்படி இல்லை, கிளையன்ட்டின் விளம்பரம் வேறு சொல்கிறது, பயனாளர் இதை எதிர்பார்க்க மாட்டார், விதிமுறைக்கு முரண் – இவற்றில் ஏதாவது ஒன்று. “எனக்குச் சரியாகப் படவில்லை” என்று மட்டும் எழுதிய பக், எந்த பக்கைத் திருத்துவது என்று முடிவு செய்யும் டிரையேஜ் மீட்டிங்கில் நிற்காது.

செஷன் முடிந்தபின் பேச்சு 15 நிமிடம் போதும். அதைத் தவிர்த்துவிட்டால் மொத்த முறையும் சரிந்துவிடும். ஜோனதன் பாக் தந்த ஐந்து கேள்விகள்: என்ன நடந்தது, என்ன கிடைத்தது, எது தடுத்தது, இன்னும் என்ன பாக்கி, இதைப் பற்றி மனத்தில் என்ன தோன்றுகிறது. கடைசிக் கேள்வியைக் கேட்க நம் லீட்கள் தயங்குகிறார்கள். “பக் எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் அந்தத் தேடல் பக்கம் என்னவோ இடிக்கிறது” என்று டெஸ்டர் சொல்வது அந்தக் கேள்விக்குத்தான். அடுத்த சார்ட்டர் அங்கிருந்துதான் வரும். ஒரு நாளைக்கு 90 நிமிடத்தில் மூன்று செஷன் என்று திட்டமிடுவது நல்லது. நான்கு என்று அழுத்தினால் முதலில் குறிப்பு மெலியும், பிறகு பேச்சு ஐந்து நிமிடமாகும், கடைசியில் பழைய தட்டிப் பார்க்கும் வேலையாகவே திரும்பும்.

ஒப்பந்தம் டெஸ்ட் கேஸ் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது என்றால்? இங்கே ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது: தேடிப் பிடித்த பக்குக்கு, பின்தேதியிட்டு ஒரு டெஸ்ட் கேஸ் எழுதி, அது ஃபெயில் ஆனதாகக் காட்டுவது. எண்ணிக்கை நேராகும். ஆனால் முன்கூட்டி எழுதியதால்தான் பிடித்தோம் என்ற பொய்யான பாடத்தைக் கிளையன்ட் கற்றுக்கொள்கிறார். அடுத்த ஒப்பந்தத்தில் தேடலுக்கு இன்னும் குறைவான நேரம் வரும். அதைவிட, வாராந்திர ரிப்போர்ட்டில் தனியாக ஒரு சிறு பகுதி வைப்பது நேர்மையானது: முடித்த சார்ட்டர்கள், அவற்றுக்கான செஷன்கள், தொடாத பகுதிகள், அவற்றைத் தொடாததால் உள்ள ஆபத்து. தொடாத பகுதிகளை எழுத மேனேஜர்கள் அஞ்சுகிறார்கள். கிளையன்ட்டுகளில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் படிப்பது அதைத்தான்.

செஷன்களில் கிடைத்த பெயர்களை வீணாக்கவும் வேண்டாம். கமலா, சரவணன், கிருஷ்ணமூர்த்தி, இரண்டு வடிவ கோமதி, கௌரி–கெளரி ஜோடி, இரண்டு வடிவ ஸ்ரீதர், ‘ம.’ என்ற ஒற்றை முதலெழுத்து – எல்லாவற்றையும் குறியீட்டோடு ஒரு ஃபைலில் வைத்து ரெக்ரஷனில் (மாற்றம் வரும்போதெல்லாம் மீண்டும் ஓட்டும் டெஸ்ட்களில்) ஏற்றிவிடலாம். ஒவ்வொரு பில்டிலும் பெயர், முகவரி, நாமினி மூன்று கட்டங்களிலும் அது தானாக ஓடட்டும். அந்த 90 நிமிடம் மிச்சமாகும்போது, அதே படிவத்தில் இதுவரை யாரும் தொடாத கட்டம் ஒன்றுக்கு அடுத்த சார்ட்டரை எழுதலாம். ஆதாரில் உள்ள பெயரோடு ஒப்பிடும் அந்தப் பட்டன் நல்ல தொடக்கம்.